நோட்ஸ் செயலியில் கட்டண வசதி: எதற்குக் காசு, எங்கே பூட்டு?

எளிய நோட்ஸ் செயலி ஒன்றை எழுதி முடித்திருக்கிறீர்கள். குறிப்பு எழுதலாம், செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டு டிக் அடிக்கலாம், தேடலாம், நினைவூட்டல் வைக்கலாம். நாலு பேர் தினமும் பயன்படுத்துகிறார்கள், நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அடுத்து வருவது காசு பற்றிய யோசனை. அது வந்ததும் பலரும் முதலில் செய்வது, திரையில் இருக்கும் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இதைப் பூட்டலாமா, அதைப் பூட்டலாமா என்று கணக்குப் போடுவதுதான். அங்கே தொடங்கினால் வழி தவறும் என்பது என் கருத்து. பயனர் எதற்காகக் காசு கொடுக்கிறார், அந்தக் காசு ஒருநாள் நின்றால் அவர் எழுதி வைத்தது என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருந்தால், பூட்டு எங்கே என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நோட்ஸ் செயலிக்கு இந்த இரண்டாவது கேள்வி மற்ற செயலிகளைவிட முக்கியம். விளையாட்டுச் செயலியில் நீங்கள் பூட்டுவது நீங்கள் செய்த பொருளை. இங்கே உள்ளே இருப்பது பயனரின் சொந்தப் பொருள்: மருந்து வேளைகள், கூட்டத்தில் பேசியது, பாதியில் நிற்கும் கதை, வீட்டுக் கணக்கு. யோசிக்காமல் போடும் பூட்டு அவருக்கும் அவருடைய பொருளுக்கும் நடுவில் போய் விழும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒன்றைத்தான் சுற்றிவரும்.

செலவு எங்கே ஆகிறது?

முதலில் உங்கள் பக்கத்துச் செலவைப் பாருங்கள். வெறும் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும்? எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'கி' என்பது 'க'வும் இகரக் குறியும் சேர்ந்து சேமிக்கப்படுவதால் 6 பைட். ஒரு குறிப்பில் இப்படி 2000 குறிகள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட மொத்தம் 6 கிலோபைட்தான். ஃபோனில் எடுக்கும் ஒரு படமோ 3 மெகாபைட் அளவுக்குச் சாதாரணமாக வரும். அந்த ஒரு படத்தின் இடத்தில் அப்படிப்பட்ட 500 குறிப்புகளை வைத்துவிடலாம்.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒருவர் பல வருடங்கள் எழுதித் தள்ளினாலும் எழுத்தால் உங்களுக்குப் பெரிய செலவு இல்லை. படம், குரல் பதிவு, பிடிஎஃப் போன்ற இணைப்புகள்தான் இடத்தை விழுங்கும். அவற்றைப் பல சாதனங்களிலும் ஒரே மாதிரி வைத்திருக்க, அதாவது சிங்க் செய்ய, சர்வர் ஓட வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், நடுராத்திரியில் சர்வர் படுத்தால் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தேடலில் காட்டுவது, குரலை எழுத்தாக்குவது, ஏஐ வைத்துச் சுருக்கம் தருவது போன்றவற்றை வெளிச் சேவை ஒன்றின் மூலம் செய்தால், ஒவ்வொரு தடவையும் நீங்கள் அந்தச் சேவைக்குக் காசு கட்டுவீர்கள்.

இன்னொரு பக்கம், ஒருமுறை உழைத்து முடித்துவிட்ட வசதிகள் உண்டு. கூடுதல் தீம், வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்), பிடிஎஃப் ஆக மாற்றுவது, ஹோம் ஸ்கிரீன் விட்ஜெட் எல்லாம் இந்த வகை. இவற்றை ஆயிரம் பேர் பயன்படுத்தினாலும் உங்கள் மாதச் செலவு ஏறாது. இவற்றுக்குக் காசு வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. உழைப்புக்கு விலை உண்டு. ஆனால் தொடர்ந்து செலவு வைக்கும் வசதியையும் செய்து முடித்த வசதியையும் ஒரே தராசில் போட்டால், பிறகு விலை முறையைத் தேர்ந்தெடுக்கும்போது குழப்பம் வரும்.

கோடு எங்கே போடுவது?

இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவே கோடு போட மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: அளவுக்கு வரம்பு வைப்பது, வசதிகளைப் பிரிப்பது, சேவையைத் தனியாக விற்பது. ஏற்கனவே இருக்கும் நோட்ஸ் செயலிகளைப் பார்த்தால் இவை எப்படி நடக்கின்றன என்று புரியும்.

அளவுக்கு வரம்பு வைத்ததற்கு எவர்நோட் நல்ல உதாரணம். 2016இல் இலவசக் கணக்குக்கு இரண்டு சாதனங்கள் மட்டும் என்றது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரு நோட்டுப் புத்தகம் என்று இன்னும் இறுக்கியது. அதைத் தாண்டி ஏற்கனவே எழுதி வைத்திருந்தவர்கள் பழையவற்றைப் பார்க்கலாம், திருத்தலாம், வெளியே எடுத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ப்பதுதான் நின்றது. நோஷன் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. தனிநபர் இலவசக் கணக்குக்கு 1000 பிளாக் (ஒரு பத்தி, ஒரு படம் என ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக்) என்று இருந்த வரம்பை 2020 மே மாதத்தில் எடுத்துவிட்டது. குழுவாகச் சேர்ந்து வேலை செய்பவர்களிடம் வாங்கினால் போதும் என்ற கணக்கு அது.

குறிப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது எனக்கு உடன்பாடில்லை. புரிந்துகொள்ள எளிது என்பது உண்மை. ஆனால் 6 கிலோபைட் கணக்கை மறுபடி பாருங்கள்: 51ஆவது குறிப்பால் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. அதோடு, வரம்பு நெருங்க நெருங்க பயனர் எழுதுவதையே குறைத்துக்கொள்வார். இரண்டு குறிப்புகளை ஒன்றாக ஒட்டுவார், பழையதை அழிப்பார், சின்ன விஷயத்தை எழுதாமலே விட்டுவிடுவார். எழுதும் பழக்கத்தை வளர்க்க வேண்டிய செயலி அந்தப் பழக்கத்துக்கே அபராதம் போட்ட மாதிரி ஆகிவிடும். வரம்பு வேண்டுமென்றால் இணைப்புகளின் மொத்த அளவுக்கு வையுங்கள். செலவும் அங்கேதான் இருக்கிறது.

சேவையைத் தனியாக விற்பதற்கு அப்சிடியன் உதாரணம். குறிப்புகள் பயனரின் கணினியிலேயே மார்க்டவுன் என்ற சாதாரண எழுத்துக் கோப்புகளாகக் கிடக்கும், செயலி இலவசம். சாதனங்களுக்கு இடையே சிங்க் செய்வதும் குறிப்புகளை இணையத்தில் வெளியிடுவதும் கட்டணச் சேவைகள். வேண்டாம் என்று சந்தாவை நிறுத்தினாலும் கோப்புகள் அவரவர் கையில்தான் இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் முதல் தேர்வு இதுதான். பேர் (Bear) என்ற செயலியும் சிங்க் வசதியைக் கட்டணத்தில்தான் தருகிறது. அது ஆப்பிளின் ஐகிளவுட் வழியாக நடக்கிறது, தனி சர்வர் கூடக் கிடையாது. ஆக, விலைக்குச் செலவு ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு சாதனம் வைத்திருப்பவருக்கு சிங்க் உண்மையிலேயே பயன்படுகிறது, அந்தப் பயனுக்கும் விலை வைக்கலாம்.

வசதிகளைப் பிரிக்கும்போது எதைப் பூட்டவே கூடாது? என் பட்டியல் சின்னது, அதில் நான் பிடிவாதமாக இருப்பேன். எழுதியதைப் படிப்பது, திருத்துவது, அழிப்பது, மொத்தமாக வெளியே எடுத்துக்கொண்டு போவது ஆகியவை எப்போதும் இலவசம். எழுத்தின் அளவைப் பெரிதாக்குவது, திரையை வாசித்துச் சொல்லும் வசதிக்கு ஒத்துழைப்பது போன்றவை கண் பார்வை குறைந்தவர்களுக்கு அடிப்படைத் தேவை, அவையும் இலவசம். சாதாரணத் தேடல் இலவசம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுவதற்கு வேண்டுமானால் காசு கேளுங்கள். இப்படி வெளியே எடுக்கும் ஏற்றுமதியைப் பூட்டி வைத்தால் ஆட்கள் தங்கிவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் தைரியமாக ஆயிரம் குறிப்புகளை உள்ளே எழுதுவார்.

ஒரே தடவையா, சந்தாவா?

தொடர்ந்து செலவு வைப்பவை, செய்து முடித்தவை என்று மேலே பிரித்து வைத்தோமே, அது இங்கே உதவும். உங்கள் செயலி முழுக்க ஃபோனிலேயே ஓடுகிறது, சர்வர் இல்லை என்றால் ஒருமுறை வாங்கிவிட்டு எப்போதும் வைத்துக்கொள்ளும் முறை இயல்பானது. சர்வர் ஓடுகிறது என்றால் சந்தாதான் தாங்கும். ஒருமுறை வாங்கிய காசை வைத்துக்கொண்டு ஒருவருடைய படங்களைக் காலத்துக்கும் சேமித்துத் தருவேன் என்று வாக்குக் கொடுத்தால், புதிய வாங்குபவர்கள் குறையும் வருடத்தில் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போகும். ஏஐ சுருக்கம் போல ஒவ்வொரு தடவையும் செலவாகும் வசதிக்கு, பயன்படுத்தத் தீர்ந்துபோகும் பொதிகளாக விற்கும் முறையும் ஆப்பிள், கூகுள் பிளே போன்ற செயலிக் கடைகளில் உண்டு.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, அது எனக்குப் பிடித்தமானது. அஜெண்டா என்ற நோட்ஸ் செயலி 2018இல் வந்தபோதே இப்படித்தான் வைத்தது: காசு கொடுத்தால் இதுவரை வந்த எல்லாக் கட்டண வசதிகளும், அடுத்த 12 மாதங்களில் வரப்போகிறவையும் உங்களுக்கு. அதற்கப்புறம் காசு கட்டாவிட்டாலும் அதுவரை கிடைத்தவை உங்களிடமே இருக்கும். பிறகு வரும் புதிய வசதிகள் வேண்டுமென்றால் மறுபடி வாங்கலாம். பயனர் எதையும் இழப்பதில்லை, உருவாக்குபவருக்கும் புதிதாக ஏதாவது செய்தால்தான் வருமானம். நிரலில் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கிறது: ஒவ்வொரு வசதியும் எந்தத் தேதியில் வெளியானது என்று குறித்து வைத்து, வாங்கிய தேதியோடு ஒப்பிட வேண்டும்.

வாங்கும் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

இனி நிரல் பக்கம். இங்கே புரிந்துகொள்ள வேண்டிய ஒரே கருத்து, வாங்குவது வேறு, உரிமை வேறு என்பது. நிரலாளர்கள் இந்த உரிமையை என்டைட்டில்மென்ட் என்பார்கள். ஒருவருக்குப் படம் சேர்க்கும் உரிமை எத்தனையோ வழியில் வந்திருக்கலாம்: மாதச் சந்தா, வருடச் சந்தா, இலவச மாதிரிக் காலம், குடும்பத்தில் இன்னொருவர் வாங்கிப் பகிர்ந்தது, பழைய வாடிக்கையாளர் என்று நீங்களே கொடுத்தது. படம் சேர்க்கும் இடத்தில் உள்ள நிரலுக்கு இதெல்லாம் தெரியத் தேவையில்லை. 'இவருக்குப் படம் சேர்க்கலாமா?' என்று ஒரே ஒரு இடத்தில் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டால் போதும்.

அந்த ஒரே இடம் ஒரு சின்னப் பதிவேடு. ஒவ்வொரு வரியிலும் மூன்று விவரம்: எந்த வசதி, எந்தத் தேதி வரை, எந்த வழியில் வந்தது. 'படம் சேர்த்தல், ஜூன் 14 வரை, மாதச் சந்தா' என்று ஒரு வரி. 'தீம்கள், எப்போதும், ஒருமுறை வாங்கியது' என்று இன்னொரு வரி. தொடக்கத்திலேயே இப்படி வைத்துவிட்டால் பின்னால் விலையை மாற்றினாலும், புதிய திட்டம் கொண்டுவந்தாலும் இந்தப் பதிவேட்டை நிரப்பும் பகுதியை மட்டும் தொட்டால் போதும். 'சந்தா இருக்கிறதா' என்ற சோதனையைச் செயலியின் ஒவ்வொரு திரையிலும் தூவி வைத்தவர்கள், இரண்டாவது திட்டம் சேர்க்கும் நாளில் எல்லாத் திரையையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

சரி, பட்டனை அழுத்தியாயிற்று. அதற்கு முன்பே செயலி கடையிடம் 'இந்தப் பொருளின் பெயர், விலை என்ன?' என்று கேட்டிருக்கும். பயனர் எந்த நாட்டுக் கணக்கில் இருக்கிறாரோ அந்த நாட்டு நாணயத்தில் விலை வரும். அதனால் விலையை நிரலில் நேரடியாக எழுதிவிடாதீர்கள், கடை தருவதை அப்படியே காட்டுங்கள். பயனர் விரலோ முகமோ காட்டி உறுதி செய்கிறார், கடை பணத்தை எடுத்துக்கொள்கிறது. கார்டு எண் உங்கள் செயலியின் கண்ணில் படுவதே இல்லை. அது பெரிய நிம்மதி.

பிறகு கடையிடமிருந்து ஒரு ரசீது வருகிறது. ஆப்பிளில், 2021இல் ஐஓஎஸ் 15உடன் வந்த ஸ்டோர்கிட் 2 என்ற நிரல் தொகுப்பு இந்த ரசீதை டிஜிட்டல் கையெழுத்துடன் தருகிறது. கையெழுத்து சரிதானா என்று அதுவே சோதித்தும் சொல்லும். கூகுள் பிளேயில் ஒரு டோக்கன் (வாங்கியதற்கான அடையாளக் குறியீடு) வரும், அதை உங்கள் சர்வர் கூகுளிடம் காட்டி உண்மையா என்று கேட்டுக்கொள்ளலாம். சரி என்று தெரிந்ததும் பதிவேட்டில் வரியை எழுதிச் சேமித்துவிட்டு, கடைசியாகக் கடையிடம் 'பொருளைக் கொடுத்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் சொல்லிவிட்டு அப்புறம் எழுதலாம் என்று வைத்தால், நடுவில் ஃபோன் அணைந்துபோனால் காசு போயிருக்கும், வசதி வந்திருக்காது. சொல்லாமலே விட்டாலும் வம்பு: கூகுள் பிளேயில் 3 நாட்களுக்குள் இந்த ஒப்புகை வராவிட்டால் பணம் தானாக வாங்கியவருக்குத் திரும்பிப் போய்விடும்.

வெற்றி, தோல்வி என்று இரண்டு முடிவுகள்தான் என்று நினைத்து எழுதிவிடாதீர்கள். பயனரே மனம் மாறி ரத்து செய்திருக்கலாம். அதற்குச் சிவப்பு எழுத்தில் 'பிழை' என்று காட்டுவது மரியாதையாக இருக்காது, சும்மா பழைய திரைக்குத் திரும்பினால் போதும். வாங்குவது நிலுவையில் நிற்கவும் செய்யலாம். சிறுவர் கணக்கு என்றால் பெற்றோர் அனுமதி வர வேண்டும், அது மறுநாள்கூட வரலாம். அப்போது செயலி திறந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு முறை திறக்கும்போதும், நடந்து முடிந்த புதிய பரிமாற்றம் ஏதாவது உண்டா என்று கடையிடம் கேட்க வேண்டும்.

புது ஃபோன் வாங்கியவருக்கு 'வாங்கியதை மீட்டெடு' என்ற பட்டன் கண்டிப்பாக வேண்டும். மீட்டெடுக்க வழி இருக்க வேண்டும் என்று ஆப்பிள் தன் விதிகளிலேயே கேட்கிறது. அது இல்லாமல் அனுப்பினால் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இணையம் இல்லாத நேரத்தையும் யோசியுங்கள். விமானத்திலும் சிக்னல் கிடைக்காத கட்டட அடித்தளத்திலும் குறிப்பு எழுதுவார்கள். அந்த நேரம் கடையைக் கேட்க முடியவில்லை என்பதற்காக வசதியைப் பறிக்கக் கூடாது. கடைசியாகத் தெரிந்த பதிவேட்டை நம்பி, அதில் உள்ள தேதிக்கு மேலும் சில நாட்கள் விட்டுக்கொடுங்கள். இதில் யாராவது ஏமாற்றிவிட்டால்? ஃபோனில் இருக்கும் பதிவேட்டைக் கைவைத்து மாற்ற முனைபவர்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். தீம் போன்ற வசதி என்றால் விட்டுவிடலாம். சர்வர் செலவு வைக்கும் வசதி என்றால் சர்வரிலேயே இன்னொரு முறை உரிமையைச் சோதித்துக்கொள்ளுங்கள். நேர்மையாகக் காசு கட்டியவரை அடிக்கடி சந்தேகிக்கும் நிரல்தான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

காசு நின்ற நாளில்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்க எனக்கு மனமில்லை. சந்தா வாங்குவது பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள், அது முடிவதைப் பற்றி முன்கூட்டி யோசிப்பவர்கள் குறைவு.

முதலில், ரத்து செய்வதும் முடிவதும் ஒன்றில்லை. ஒருவர் மாதத்தின் 3ஆம் நாளில் ரத்து என்று அழுத்தினால் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டாம் என்று பொருள். அந்த மாதத்துக்கு ஏற்கனவே காசு கட்டியிருக்கிறார், கடைசி நாள் வரை உரிமை அவருடையது. ரத்து என்ற செய்தி வந்ததும் வசதியைப் பிடுங்கும் நிரலைப் புதியவர்கள் அடிக்கடி எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம், பணம் வராமல் போவதற்குப் பயனரின் முடிவு காரணமாக இல்லாமலும் இருக்கலாம். கார்டு காலாவதி ஆகியிருக்கும், வங்கி மறுத்திருக்கும். இதற்காகவே, பணம் வராவிட்டாலும் வசதி தொடரும் சலுகைக் காலம் என்று ஒன்று உண்டு. ஆப்பிளில் 3, 16, 28 நாட்களில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆப்பிள் 60 நாட்கள் வரை பணத்தை எடுக்க மறுபடி மறுபடி முயலும். சலுகைக் காலத்தில் எதையும் பூட்டாதீர்கள். பணம் செலுத்தும் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு சின்ன வரி காட்டினால் போதும்.

எல்லாம் தாண்டி சந்தா உண்மையிலேயே முடிந்துவிட்டது. ஒரு பயனரை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடம் கட்டினார். ஃபோன், டேப்லெட், மடிக்கணினி மூன்றிலும் எழுதினார். நூற்றுக்கணக்கான குறிப்புகளில் படங்கள் இருக்கின்றன. தினம் இரவு 8 மணிக்கு மாத்திரை என்று திரும்பத் திரும்ப வரும் நினைவூட்டல் வைத்திருக்கிறார். சில குறிப்புகளுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறார். இவை எல்லாம் உங்கள் செயலியில் கட்டண வசதிகள். இப்போது ஒவ்வொன்றுக்கும் என்ன ஆக வேண்டும்?

எழுத்தில் கை வைக்கவே கூடாது. படங்களைப் பார்க்கலாம், தரவிறக்கலாம், அழிக்கலாம். புதிதாகச் சேர்க்க மட்டும் முடியாது. இது எளிது.

நினைவூட்டலில் கவனம் வேண்டும். சந்தா முடிந்த இரவு 8 மணிக்கு ஃபோன் சத்தமில்லாமல் இருந்தால், அவர் மாத்திரையை மறந்துவிடுவார். ஒரு கட்டண வசதியை நிறுத்தியது உங்களுக்குச் சின்ன விஷயம், அவருக்கு உடம்பு. ஏற்கனவே வைத்த நினைவூட்டல்களை ஓட விடுங்கள், புதிதாக வைக்க மட்டும் காசு கேளுங்கள். கடவுச்சொல்லும் இப்படித்தான். சந்தா முடிந்தது என்று பூட்டிய குறிப்புகளைத் திறந்து போட்டால் ரகசியம் வெளியே வந்துவிடும்; நிரந்தரமாக மூடிவிட்டால் அவர் பொருள் அவருக்கே கிடைக்காது. பூட்டு அப்படியே இருக்கட்டும், கடவுச்சொல் போட்டால் திறக்கட்டும்.

இருப்பதிலேயே சிக்கல் சிங்க்தான். மூன்று சாதனங்களிலும் எல்லாக் குறிப்புகளும் முழுதாக வந்து சேர்ந்தபின் நிறுத்த வேண்டும். டேப்லெட் இரண்டு மாதமாக அணைந்து கிடந்தால் அதில் பழைய நகல்தான் இருக்கும். அது அடுத்து எப்போது திறக்கப்பட்டாலும் கடைசியாக ஒருமுறை சிங்க் செய்ய அனுமதியுங்கள். சர்வரில் இருக்கும் நகலை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதை வாங்கும் முன்பே தெரியும்படி எழுதுங்கள். அது 90 நாளா, ஒரு வருடமா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு தடவைக்கு மேல் மின்னஞ்சல் போக வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி சந்தா கட்டினால் மூன்று சாதனங்களிலும் ஒரே குறிப்பு மூன்று விதமாக மாறியிருக்கும். எது சரி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எல்லாப் பதிப்புகளையும் வைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் நிரல் எழுதும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வசதியின் பெயர் இடப்பக்கம், சந்தா முடிந்தால் என்ன ஆகும் என்பது வலப்பக்கம். வலப்பக்கத்தில் நியாயமான பதில் எழுத முடியாத வசதி எதுவோ, அதைக் கட்டணத்தில் வைக்காதீர்கள்.

ஏற்கனவே இருப்பவர்கள்

நேற்றுவரை இலவசமாக இருந்ததை இன்று பூட்டினால் கோபம் வரும், அது நியாயமான கோபம். நோட்டபிலிட்டி செயலி 2021 நவம்பரில், ஒருமுறை வாங்கும் முறையிலிருந்து சந்தாவுக்கு மாறியது. முன்பே வாங்கியவர்களுக்கு முழு வசதி ஓராண்டு வரைதான் என்றது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதும் சில நாட்களிலேயே மாற்றிக்கொண்டு, அவர்கள் வாங்கிய வசதிகள் அவர்களுக்கு எப்போதும் உண்டு என்று அறிவித்தது. சந்தாவுக்கு மாறும்போது, ஏற்கனவே காசு கொடுத்தவர்களின் முக்கிய வசதிகளைப் பறிக்கக் கூடாது என்று ஆப்பிளின் விதியும் சொல்கிறது.

உங்களுடையது இதுவரை இலவசச் செயலி என்றால் விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் புதிய வசதிகளுக்கு மட்டும் காசு வையுங்கள், பழையவை இருந்தபடி இருக்கட்டும் என்பேன். பழைய பயனர் யார் என்று கண்டுபிடிக்க ஆப்பிளில் வழி உண்டு: ஒருவர் செயலியை முதன்முதலில் எந்தப் பதிப்பில் எடுத்தார் என்று கடை சொல்லும். ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். ஐஃபோனில் அது தருவது நீங்கள் வெளியே காட்டும் பதிப்பு எண்ணை இல்லை, நிரலைத் தொகுக்கும்போது நீங்கள் உள்ளே கொடுக்கும் பில்டு எண்ணை. சோதனைச் சூழலில் எப்போதும் 1.0 என்றே வரும். இதைத் தெரியாமல் ஒப்பிட்டால் பழையவர் புதியவராகிவிடுவார்.

கடையின் பங்கும் வாங்கும் திரையும்

கடைகள் நீண்ட காலம் 30 சதவீதம் எடுத்துவந்தன. 2021 ஜனவரியில் ஆப்பிள், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் உருவாக்குநர்களுக்கு 15 சதவீதம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் நீங்களாகப் பதிவு செய்ய வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் கூகுளும் ஆண்டின் முதல் 10 லட்சம் டாலருக்கு 15 சதவீதம் என்றது. செயலிக்கு வெளியே காசு வாங்குவது பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன, வேகமாக மாறியும் வருகின்றன. முதல் பதிப்புக்குக் கடையின் வழியையே பிடித்துக்கொள்ளுங்கள். விலை வைக்கும்போது கையில் வருவது பங்கும் வரியும் போன மிச்சம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாங்கும் திரையை எப்போது காட்டுவது? பயனர் கட்டண வசதியைத் தொடும் நேரத்தில். படம் சேர்க்கும் பட்டனைத் தட்டியதும் 'இது கட்டண வசதி, விலை இவ்வளவு, இத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும், இப்படி ரத்து செய்யலாம்' என்று ஒரே திரையில் சொல்லிவிடுங்கள். மூடும் பட்டன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். ஒருவர் எதையோ மறந்துவிடாமல் குறித்துக்கொள்ள அவசரமாகச் செயலியைத் திறக்கும்போது இந்தத் திரை குறுக்கே வந்து நிற்கக் கூடாது. அவர் மனதில் இருந்த வாக்கியம் அந்த இரண்டு நொடியில் போய்விடும்.

முதல் பதிப்பு

முதலில் ஒரே ஒரு கட்டண வசதி போதும். இணைப்புகளோடு கூடிய சிங்க் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவேட்டில் ஒரு வரி, ஒரு வாங்கும் திரை, ஒரு மீட்டெடு பட்டன்.

வெளியிடும் முன் கடைகளின் சோதனைச் சூழலில் ஓட்டிப் பாருங்கள். அங்கே காலம் வேகமாக ஓடும். ஒரு மாதச் சந்தா 5 நிமிடத்தில் புதுப்பிக்கும். வாங்கிவிட்டு உடனே ரத்து செய்து, மீதிக் காலத்துக்கு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். செயலியை அழித்து மறுபடி நிறுவி மீட்டெடுத்துப் பாருங்கள். நிலுவையில் நிற்கும் வாங்குதலைச் சோதியுங்கள். கடைசியாக, ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு குறிப்பு எழுதி, அதற்குள் சந்தாவை முடிய விட்டு, இணையத்தைத் திரும்ப இணையுங்கள். அந்தக் குறிப்பு ஃபோனில் திறக்கிறதா, திருத்த முடிகிறதா, ஏற்றுமதிக் கோப்பில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை சரியாக நடந்தால் வெளியிட்டுவிடலாம். விலையை, வசதிகளை, திரையில் உள்ள வாசகத்தை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். கடையில் பொருளைப் பதியும்போது கொடுக்கும் அடையாளப் பெயரை மட்டும் பின்னால் மாற்ற முடியாது, அந்தப் பொருளை நீக்கினாலும் அதே பெயரை மறுபடி பயன்படுத்த முடியாது. அதனால் சும்மா 'டெஸ்ட்1' என்று எதையாவது அடித்து வைக்காமல் வசதியின் பெயரும் காலமும் தெரியும்படி வையுங்கள்.